ஐந்தாவது ஷார்ட்ஸ்

மார்ச் 3, திங்கள்

நான்காவது சைக்கிள் ஷார்ட்ஸும் கைவிட்டுவிட்டது. நேற்று அறுபது கிலோமீட்டர் சைக்கிள். நாற்பதிலேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. இன்று காலை வேலை மேஜையில் உட்கார்ந்து ஒரு மேல்வரிசைப் பல்செட்டை மெருகேற்றினேன், இந்தப் பக்கம் ஒரு நிமிடம், அந்தப் பக்கம் ஒரு நிமிடம் என்று சாய்ந்து சாய்ந்து. டாக்டர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன, நாற்காலி சரியில்லையா?" என்றார். "ஆமா டாக்டர், நாற்காலிதான்" என்றேன். இனி அவர் புது நாற்காலி வாங்கிப் போடுவார். நான் ஒரு பொய் சொன்னால் அதற்கு ஊரே உழைக்கிறது.

போட்டிக்கு இன்னும் ஒன்பது வாரம். நீச்சல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சைக்கிள் தொண்ணூறு, ஓட்டம் இருபத்தொன்று. எல்லாம் ஒரே உடுப்பில், எட்டரை மணி நேரத்துக்குள். போன வருடம் சைக்கிளில் எழுபதாவது கிலோமீட்டரில் இறங்கினேன். தொடை இடுக்கில் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. அதை யாரிடம் எப்படிச் சொல்வது? "சங்கிலி அறுந்துடுச்சு" என்றேன். பயிற்சிக் குழுவுக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஒரு இயந்திரம் தன் மனைவியைக் கைவிட்டது என்றால் அவருக்குத் தாங்காது. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் என் சைக்கிள் சங்கிலியைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போடுகிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாற்பத்தேழு வயது. இந்த வருடமும் பாதியில் இறங்கினால் சைக்கிளை விற்றுவிடுவேன். எழுதியே வைக்கிறேன்.

மார்ச் 5, புதன்

மருந்துக் கடையில் தோல் உரசலுக்குக் களிம்பு கேட்டேன். "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்றார் கடைக்காரர். எட்டு மாதம் என்றேன்.

மார்ச் 8, சனி

ஐந்தாவது ஷார்ட்ஸ்.

கடைக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என்னிடம் பேசியதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான். "இதுல உட்கார்ற இடத்துப் பஞ்சு மெல்லிசு மேடம். தண்ணியில இருந்து ஏறினா பத்தே நிமிஷத்துல காஞ்சிடும்."

"உரசுமா?"

"எங்க மேடம்?"

"பொதுவா."

"பொதுவா உரசாது மேடம்."

போட்டுப் பார்க்கிற அறை ஒரு பீரோ அளவு. சுவரில் பலகை: 'உள்ளாடையின் மேல் மட்டுமே அணிந்து பார்க்கவும்.' ஐந்து ஷார்ட்ஸும் இந்தப் பலகைக்கு எதிரில் போட்டுப் பார்த்தவைதான். முதலாவது முழங்காலைப் பிடித்தது. இரண்டாவதில் கால் விளிம்பு ரப்பர் சதையைப் பிதுக்கியது. மூன்றாவதில் இருந்த பஞ்சு தலையணைக்கு ஆகும். நான்காவதைப் பற்றிப் பேச வேண்டாம். இன்று குனிந்தேன், உட்கார்ந்தேன், ஒற்றைக் காலில் குதித்தேன். குதித்த சத்தம் கேட்டு, "மேடம், ஏதாவது உதவி வேணுமா?" என்று வெளியிலிருந்து குரல். வேண்டும்தான். உன்னிடம் எப்படிக் கேட்பது?

மார்ச் 9, ஞாயிறு

பத்து நிமிடத்தில் காயுமாம். குளத்திலிருந்து ஏறி ஒன்றரை மணி நேரம் கழித்தும் உள்ளே சொதசொதவென்று ஈரம். பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். ஐம்பதாவது கிலோமீட்டரில் பல்லைக் கடித்தேன். அறுபதில் பெடலின் மேல் நின்றுகொண்டே மிதித்தேன். குழுவில் எல்லாருக்கும் முன்னால் போகிற ராக்கெட் (அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பெயர் எனக்கு மறந்தே போய்விட்டது) திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, "சூப்பர்க்கா, நின்னுக்கிட்டே மிதிக்கிறீங்க, செம பவர்" என்றான்.

பவராம்.

பன்னிரண்டு பேர் குழுவில் நான் ஒருத்திதான் பெண். மாஸ்டரிடம் இன்று துணிந்து வாயைத் திறந்தேன். அவர் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். சைக்கிள், ஓட்டம் எல்லாம் பிற்பாடு தானாகக் கற்றுக்கொண்டது. "கொஞ்சம் உரசுது மாஸ்டர்" என்றேன். உடனே அவர் குனிந்து என் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "ஆரம்பத்துல அப்படித்தான்க்கா. தோல் கெட்டியாகணும். பழகிடும்" என்று டயரிடம் சொன்னார்.

ஆரம்பமா? மூன்று வருடமாகிறது.

மார்ச் 17, திங்கள்

நேற்று போகவில்லை. போக முடியவில்லை. சனிக்கிழமை இருபது கிலோமீட்டரிலேயே பழைய இடம் திறந்துகொண்டது. குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் கத்திவிட்டேன், அவர் கதவைத் தட்டினார். பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொன்னேன். இப்ப தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்கப் போறாராம்.

வெறுத்துப் போச்சு. நுரையீரல் நல்லா இருக்கு. முட்டி நல்லா இருக்கு. ஒரு சாண் துணி ஒழுங்கா இல்லாததால எல்லாம் வீணா? இதைச் சொல்லி அழ ஒரு ஆள் இல்லையே எனக்கு.

மார்ச் 25, செவ்வாய்

ஓய்வு பெற்ற தபால்காரர் மூன்றாவது தடவையாகத் தன் பல்செட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் செய்த செட். கீழ்வரிசை, இடது பக்கம் குத்துகிறதாம். டாக்டர் வழக்கம்போல, "போடப் போடப் பழகிடும் ஐயா" என்றார்.

"உங்க வாயில இருந்தா பழகும் டாக்டர். இது என் வாயில இருக்கு" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தச் செட்டை முன்பு இரண்டு தடவையும் நான் குத்துமதிப்பாகத்தான் தேய்த்து அனுப்பியிருந்தேன். இன்று முறையாகச் செய்தோம். ஈறில் புண் இருக்கும் இடத்தில் டாக்டர் ஊதாப் பென்சிலால் புள்ளி வைத்தார். ஈரம் துடைத்துச் செட்டைப் போட்டு அழுத்தி எடுத்தால், அந்தப் புள்ளி செட்டில் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டிய இடம்தான் குற்றவாளி. பார்த்தால், நான் தேய்த்த இடத்திலிருந்து அரை விரல் தள்ளி இருக்கிறது. அதுவரை தேய்த்ததெல்லாம் ஒன்றும் செய்யாத இடத்தை.

கடுகளவு தேய்த்தேன். போட்டுப் பார்த்தார். எழுந்து போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மார்ச் 26, புதன்

அரை நாள் லீவு. வீட்டில் யாரும் இல்லை. புண்ணின் விளிம்பு முழுக்க லிப்ஸ்டிக் தடவினேன். இருபத்திரண்டு வருடமாகப் பல் செய்கிறேன், இது எனக்கு நேற்றுதான் தோன்றியிருக்கிறது! பிறகு எப்போதும்போல உடுத்திக்கொண்டு, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வீட்டுக்காரர் செய்து கொடுத்த ஸ்டாண்டில் மாட்டி இருபது நிமிடம் மிதித்தேன்.

ஷார்ட்ஸைக் கழற்றி உள்ளே திருப்பினேன். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பஞ்சில் இல்லை, தையலில் இல்லை.

எல்லாம் ஜட்டியில். கால் சுற்றி வரும் எலாஸ்டிக் மடிப்பு நெடுக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

இந்த ஐந்து ஷார்ட்ஸில் ஒன்றுகூட அந்த இடத்தைத் தொட்டதே இல்லை. நடுவில் எப்போதும் இது இருந்தது. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டதும் இந்தப் பருத்தித் துணிதான். பஞ்சு பத்து நிமிடத்தில் காய்ந்துதான் இருக்கும், பாவம் அந்தப் பையன்.

அப்படியென்றால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் போட வேண்டுமா? அதற்காகவே செய்த உடுப்பா அது? இது அந்தப் பதினோரு ஆண்களுக்கும் தெரிந்திருக்குமே. தெரிந்துமா ஒருத்தனும் சொல்லவில்லை? தோல் கெட்டியாகணுமாம். மூன்று வருடம். என் மூன்று வருடம்.

மார்ச் 27, வியாழன்

கோபம் இன்னும் தணியவில்லை. இன்று ஒரு கடைவாய்ப் பல்லைத் தேவைக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புண் ஆறிய பிறகு, உள்ளே எதுவும் போடாமல் முதல் தடவை. எண்பது கிலோமீட்டர். ஒன்றுமில்லை.

முதல் பத்து கிலோமீட்டர் ஊரே என்னைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு மறந்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

அவர் முற்றத்தில் செய்தித்தாள் விரித்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். "போன வருஷம் சங்கிலி அறுந்து போகல" என்றேன்.

தலை நிமிரவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"மறுநாள் நான்தானே கழுவினேன். முழுசா இருந்துச்சு. உன் துணியையும் நான்தானே ஊறவச்சேன்." பிரஷ்ஷை எடுத்துச் சங்கிலியைத் தேய்க்க ஆரம்பித்தார். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். கேட்டா சைக்கிளையே எங்க விட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு. எனக்கு இதைத் தவிர வேற எதைச் சரி பண்றதுன்னு தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே லிப்ஸ்டிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. ஒரு வருடம் இதைத் தனியாகச் சுமந்தேனே, எத்தனை பெரிய முட்டாள் நான்.

மே 3, சனி

டயரில் காற்றை மூன்று தடவை பார்த்துவிட்டேன். நாளை.

மே 4, ஞாயிறு

எட்டு மணி பத்தொன்பது நிமிடம்.

எழுபதாவது கிலோமீட்டர் எப்போது போனது என்றே தெரியவில்லை. எழுபத்தாறு என்ற பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஓட்டத்தில் கால் ஒத்துழைக்கவில்லை, பாதியை நடந்துதான் கடந்தேன். முடிவுக் கோட்டில் அவர் கைதட்டவில்லை, பக்கத்தில் வந்து, "எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டார். எல்லா இடமும் என்றேன். ஒரு இடம் மட்டும் இல்லை.

மே 5, திங்கள்

படி இறங்கப் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் மட்டும் நிம்மதியாக உட்கார முடிகிறது.

போனில், குழுவுக்கு மாஸ்டர் எழுதியிருந்தார்: "வாழ்த்துகள் அக்கா. இந்த வருஷம் என்ன மாத்துனீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க."

யாரிடம் கேட்கிறார் பார். வந்த கோபத்தில், மதிய இடைவேளையில் எழுதி, ஒரு தடவை அழித்து, மறுபடி எழுதி அனுப்பிவிட்டேன்: "போன வருடம் என் சங்கிலி அறுந்ததாகச் சொன்னது பொய். தோல் உரிந்து இறங்கினேன். ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போட்டிருந்தேன். இந்த வருடம் போடவில்லை. உங்களுக்கெல்லாம் இது தெரிந்திருக்கும். யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்."

பதினோரு பேரும் படித்துவிட்டார்கள் என்று காட்டியது. ஒரு பதில் இல்லை. ஒரு கட்டைவிரல் கூட இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மூன்றே காலுக்கு போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக. ராக்கெட். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீச்சலுக்கும் போட வேண்டாமா?" அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

கிளம்புகிற நேரத்துக்கு மாஸ்டர். நெடுநேரம் 'எழுதுகிறார்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

"அக்கா, எனக்கு ஆறு வருஷமா புண்ணு. நிஜமாவே உள்ள ஒண்ணும் வேண்டாமா?"

"வேண்டாம் மாஸ்டர்" என்று எழுதினேன்.