வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு செங்கல்

மச்சான்,

காலையில் காப்பியோடு வாசலுக்கு வந்தால் கால் அந்தச் செங்கல்லில்தான் இடிக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை. பக்கத்தில், பெயிண்ட் டின்னில், உன் காகிதப்பூக் கன்று.

உன் வேலியில் படர்ந்து கிடந்த அந்த ஆரஞ்சு நிறம் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். கோலசிலாங்கூரில் எந்த நாற்றுக்கடையிலும் கிடைக்கவில்லை. ஒரு கிளையை வளைத்து, அடிப்பட்டையை லேசாகச் சுரண்டி, மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்தாய். வேர் பிடித்ததும் வெட்டி, சட்டியில் வைத்து வேலிக்கு மேல் நீட்டினாய்.

"எல கொட்டும். பயந்துடாத. புடுங்கி மட்டும் பாக்காத மச்சான், வேரு எங்கயும் ஓடிப் போயிடாது லா."

எஸ்டேட்டில் இருவரும் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டிய நாளிலிருந்தே உனக்குப் பொறுமை, எனக்கு அவசரம். இலை கொட்டியது. பிடுங்கிப் பார்த்தேன். திரும்ப நட்டேன். மறுவாரமும் பார்த்தேன். செத்துப் போனது. உன் முகத்தில் எப்படி விழிப்பது? ரவாங்குக்குப் போய் இன்னும் பூக்காத வேறொரு காகிதப்பூக் கன்று வாங்கி, அதே சட்டியில் வைத்துவிட்டேன்.

அது ஊதாவாகப் பூத்துத் தொலைத்தது! நீ வேலியில் கையை ஊன்றி நின்று பார்த்தாய்.

"எங்க வூட்டுல ஆரஞ்சு, ஒங்க வூட்டுல ஊதாவா? மண்ணு வேற போல."

"ஆமா லா, மண்ணுதான்" என்றேன். தப்பித்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம், வெட்கங்கெட்டவனுக்கு.

என்றாவது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவே இல்லை. வீட்டை விற்ற உன் மகன் வந்து சொன்னான்: "அங்கிள், வாங்குனவங்க சனிக்கிழமை வேலிய எடுத்துட்டு சுவர் கட்டப் போறாங்க. பூச்செடியும் போயிடும்."

வெள்ளிக்கிழமை வேலியோரம் புல் வெட்டினேன். கத்தி எதிலோ 'ணங்' என்று பட்டது. எவன் இங்கே கல்லைப் போட்டது என்று திட்டிக்கொண்டே குனிந்தேன். கம்பிக்கு அடியில் உன் செடியின் கிளை என் பக்கம் வந்திருந்தது. பாதி மண்ணுக்குள், மேலே செங்கல், நுனியில் நான்கைந்து ஆரஞ்சுப் பூ. நான் எட்டிப் பார்க்காத மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறாய்.

எல்லாம் தெரிந்திருக்கிறது உனக்கு. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதேன், மச்சான்.

கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டி, மண்ணோடு தோண்டி டின்னில் வைத்தேன். மறுநாள் மெஷின் வந்து வேலியை வழித்துக்கொண்டு போனது. உன் செடியில் மிச்சம் இது ஒன்றுதான்.

பூ உதிர்ந்தது. இலையும் கொட்டிவிட்டது. இப்போது வெறும் குச்சி. தினமும் கை பரபரக்கிறது. அப்போதெல்லாம் உன் செங்கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

இன்றோடு ஒன்பது நாள். இன்னும் பிடுங்கிப் பார்க்கவில்லை.