இடது பக்கக் கதவு

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்தே சாரல். துணி காயவில்லை. மருந்துக்கடை, கரண்ட் பில், இரண்டுக்கும் போகவில்லை. முதுகு வலி.

லில்லியிடம் கார் பேச்சை மறுபடி எடுத்தேன். குவைத்தில் அரபி முதலாளிக்கு நான் ஓட்டின அதே மாடல் வண்டி, பழையது, திருவனந்தபுரம் ஷோரூமில் நிற்கிறது. கம்பெனியே சோதித்து சர்டிபிகேட் கொடுத்தது. மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"ஓட்டி ஓட்டி நடுவு ஒடிஞ்சது போதாதா? வேற சோலி இல்லியா? வாங்குனா நீங்களே ஏறிப் போங்க. நான் ஏற மாட்டேன், கேட்டியளா."

இருபத்திரண்டு வருஷம் முதலாளி வீட்டார் பின் சீட்டில், முன்னால் நான் மட்டும். பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டில். அந்த சீட்டில் என் மனைவி லில்லி இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதை அவளிடம் சொல்ல வெட்கம்.

ஜூன் 12, வியாழன்

வெயில். வண்டி பார்க்கத் துணைக்கு லில்லியின் தம்பி சாம். களியக்காவிளை தாண்டுவதற்குள் பஸ்ஸில் இடுப்பு விட்டுப்போயிற்று.

வண்டி வெள்ளை. பின் பம்பரில் மட்டும் புதுப் பெயின்ட். கேட்டதற்கு, லேசாக இடிபட்டதை ஒத்துக்கொண்டார்கள். கை தானாகக் கர்சீப் எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தது. சாமுக்காகப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வேறு நின்றேன். சேல்ஸ்மேன் சாமிடம், "டிரைவருக்கும் சாயா சொல்லட்டா சாரே?"

"எங்க அத்தான். அவருதான் வாங்குகாரு."

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். நேரே போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் இல்லை. குவைத்தில் அது இடது பக்கம். சேல்ஸ்மேன் வாயைப் பொத்திக்கொண்டான். அவமானம். வாங்கத்தான் வேண்டுமா?

ஜூன் 21, சனி

வாங்கியாயிற்று. கே.எல். நம்பர், தமிழ்நாட்டுக்கு மாற்ற இனி ஆர்.டி.ஓ. அலைச்சல். வண்டியைச் சிவப்புத் துணியால் மூடி, அதை என்னை உருவச் சொல்லிப் போட்டோ. சிரிக்கச் சொன்னார்கள். தலைவலி.

லில்லி வாசல் வரை வந்தாள். "வெள்ளையா? அழுக்குப் பிடிக்கும்." உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

மழை இல்லை. லில்லி முன்னாலேயே சர்ச்சுக்கு நடந்து போய்விட்டாள். காரில் நான் தனியாக. பக்கத்து சீட்டில் பைபிள்.

ஆராதனை முடிந்து, போதகர் பானெட்டில் கை வைத்து ஜெபித்தார். பிறகு சர்ச் வாசலுக்கு இழுத்துப் போய் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள்; வண்டியைப் பூட்டக்கூட விடவில்லை. "பெரிய ஆளாயிட்டீரே வே!" சிரித்துச் சிரித்துத் தாடை வலி. கூட்டத்தில் லில்லி இல்லை. நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாள். மனசு விட்டுப்போயிற்று. யாருக்காக வாங்கினேன்?

போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. பழைய பழக்கம், இடது கதவைத் திறந்துவிட்டேன்.

உள்ளே லில்லி. மடியில் என் பைபிள். நெற்றியெல்லாம் வியர்வை.

"இங்க ஆள் இருக்கு. அந்தப் பக்கமாட்டுப் போயி ஏறுங்க. மீன் வாங்கணும்."