கடைசி லோஞ்சு: கேட்டவர்கள் சொன்னது

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள்.

நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த என் அன்புள்ள றிக்சன் அண்ணாவுக்கு,

தங்கை நதீஷா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். அம்மா இருக்கிறா. கூரை ஒழுகுகிற இடத்திலேயே ஒழுகுகிறது. உங்கள் சுகத்துக்காக மாதாவை மன்றாடுகிறோம். மாதாவுக்கு வேறு வேலையும் இருக்கும் என்பதால் நீங்களும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இவள் ஏன் காகிதத்தோடு மினக்கெடுகிறாள் என்று யோசிப்பீர்கள். வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். நான் தட்டுவதை எல்லாம் அம்மா பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பா. அவ வாசிக்கக் கூடாத சில வரிகள் இதில் இருக்கின்றன. அடுத்த வீட்டு றிப்தி நானா இந்தக் கிழமை சிங்கப்பூர் போய் உங்கள் கப்பலில் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்து விடுகிறேன். பிரித்து வாசிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். நானா, இந்த வரிக்கு நீங்கள் வந்திருந்தால் உங்கள் வலது சப்பாத்துக்குள் ஒருக்கால் கையை விட்டுப் பாருங்கள்.

இனி விசயம். போகிற அன்று பஸ் நிலையத்தில் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உங்கள் ‘உள்துறைமுகம்’ இசைக்குழு ஸ்ரூடியோவில் ஒலிப்பதிவு செய்த ‘கடைசி லோஞ்சு’ அல்பத்தைச் சனத்துக்குப் போட்டுக் காட்டு, சனம் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது என்றீர்கள். எங்கள் இரத்தமும் இல்லாத, உங்கள் கூட்டாளியும் இல்லாத ஒரு ஆள், யாரும் கெஞ்சாமல் தானாக “இன்னொருக்காப் போடு” என்று கேட்டால் வந்து திரும்பவும் கிற்றாரைத் தூக்குவேன், இல்லாவிட்டால் கப்பலிலேயே அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைத்துவிடுவேன் என்றீர்கள். சித்திரையில் கையெழுத்து என்று றிப்தி நானா சொன்னார். அதனால்தான் இந்த அவசரம்.

அண்ணா, உங்கள் அல்பத்தைச் சனம் அற்பமாகத்தான் கேட்டது. கிற்றார் என்றுதான் பேர், கிட்ட ஆரும் வரவில்லை. (இரண்டும் என் சொந்தத் தயாரிப்பு. சிரித்துவிட்டு வாருங்கள். போகப் போகச் சிரிக்க அதிகம் கிடைக்காது.)

முதலில் உங்கள் ட்ரம்ஸ்காரர் இராகுலன் அண்ணாவிடம் போனேன். அவர் இப்போது போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறார். நான் அடிச்சதையே நான் திருப்பிக் கேக்கேல்ல, மற்றவைக்கு என்ன விசரா என்று கேட்டார். ட்ரம்ஸை வித்துவிட்டாராம். யாருக்கு என்று கேட்டேன். ஒரு வெடிங் ஹோலுக்கு என்றவர் அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை.

சலூன் ஜவ்பர் காக்கா நல்ல மனிசன். முழு அல்பத்தையும் கடையில் ஓடவிட்டார். நாலாவது பாட்டில், முகம் வழித்துக்கொண்டிருந்த ஆள் அப்படியே நித்திரையாகித் தலை சரிந்து, கத்தி காதுக்குக் கிட்டப் போய்விட்டதாம். கத்தி பிடிக்கிறவனுக்கு இது ஆபத்தான பாட்டு மகள், கொண்டு போங்க என்று பென் ட்ரைவைத் துடைத்துத் தந்தார்.

பங்குச் சுவாமி இளைஞர் கூட்டத்தில் கேட்டுவிட்டு, நல்ல முயற்சி என்றார். விளையாட்டுப் போட்டியில் கடைசியாக ஓடி வருகிறவனுக்குச் சொல்கிற அதே குரல். ரியூசனில் என் பக்கத்தில் இருக்கிற நிவேதிகாவுக்கு ஒரு காதிலும் எனக்கு ஒரு காதிலுமாகப் போட்டுக் காட்டினேன். உன்ர அண்ணாவுக்கு வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ என்று கேட்டாள். யூரியூப்பில் ஒஸ்லோவிலிருந்து ஒருவர் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார்: “பின்னணி நல்லம் தம்பி. பாட்டு எப்ப தொடங்கும்?”

இப்படி ஒவ்வொருவராகப் பிடித்தால் நான் கிழவியாகிவிடுவேன் என்று பட்டது. ஓர்ஸ் ஹில் முழுவதையும் ஒரே காலையில் கேட்கவைக்க ஒரு திட்டம் போட்டேன். அதுதான் பிழையாய்ப் போனது. அல்லது அதுதான் பலித்தது. நீங்களே தீர்மானியுங்கள்.

றம்ஸான் நானா பாணும் பணிசும் விற்கிற ஓட்டோ விடியவே மெட்டுப் போட்டபடி எங்கள் ஒழுங்கைக்கு வரும், தெரியும்தானே. மேல் வீட்டுப் படி ஏறி அவர் பாண் கொடுக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பழைய டிங்டிங் மெட்டு இருந்த பென் ட்ரைவைக் கழற்றிவிட்டு உங்கள் பென்னைச் செருகினேன். தலைப்புப் பாட்டு, அந்தக் கடைசிப் படகுப் பாட்டு. நெல்லிரசப் போத்தலின் கழுத்தை விரலில் மாட்டி, கம்பியில் இழுத்து இழுத்து நீங்கள் வாசிக்கிற அந்த நீளமான தொடக்கம். நானா ஒன்றும் விளங்காமல் ஏறி ஓட்டத் தொடங்கினார்.

அண்ணா, எங்கள் ஊரில் விடிய வெள்ளென ஓட்டோவில் இழுவையாக ஒரு இசை வந்தால் அது எதற்கு? நான் அதை யோசிக்கவே இல்லை. இசை முன்னால் வரும், செத்தவரின் பெயரும் வயதும் பின்னால் வரும். ஒழுங்கை முழுக்கக் கேற் திறந்தது. பெண்கள் வாயில் கை வைத்தபடி வந்தார்கள். ஆரது, எந்த வீடு, நேற்றுக்கூடக் கண்டனே என்று கதை. கமலேஸ்வரி ரீச்சர் அதற்குள் வெள்ளைச் சேலைக்கு மாறி வந்து, எத்தனை மணிக்குப் பிரேதம் எடுக்கினம் என்று றம்ஸான் நானாவிடமே கேட்டா. நானா கையில் பையோடு நின்று, “அல்லாவே, ஒருத்தரும் மௌத்தாகல்ல ரீச்சர், மீன் பணிஸ் இருக்கு” என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் வாங்கவில்லை. சாவு வண்டிப் பாணை ஆர் தின்பது? மதியம் என்னைப் பிடித்து, ஒங்கட அண்ணன்ட பாட்டால என்ட பாண் எல்லாம் காஞ்சி போச்சு என்றார். காய்ந்த பாணில் ஒன்றை எங்களுக்கே தந்துவிட்டும் போனார். நல்ல மனிசன்தான்.

அன்று பின்னேரம் லெஸ்லி மாமா வந்தார். ஊரில் மரண அறிவித்தல் சொல்கிற அதே லெஸ்லி மாமாதான். தன்னுடைய தொழிலுக்குள் புதிதாக ஆரோ இறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சண்டைக்கு வந்தவர். கேற்றடியிலேயே, ஆரடி உங்கட வீட்டில சாவு ஓட்டோ விட்டது என்று கேட்டார். நான் பயந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேற்றைத் திறந்து உள்ளே வந்தார். பிறகு, போடு பார்ப்பம் என்றார்.

அம்மா விறாந்தையில் அந்தச் சாய்மானக் கதிரையில் இருந்தா. இங்கிலீசுக் கூச்சல், உங்களுக்குப் பிடிக்காது என்று சொல்லி நீங்கள் அம்மாவுக்கு அதைப் போட்டே காட்டவில்லை. நானும் காட்டவில்லை. அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். தொடக்கம் முடிந்து உங்கள் குரல் வந்ததும் லெஸ்லி மாமா கையைக் காட்டினார். இதில்ல பிள்ளை, முதல் வந்தது. இன்னொருக்காப் போடு என்றார்.

எங்கள் இரத்தம் இல்லை. உங்கள் கூட்டாளி இல்லை. நான் கெஞ்சவில்லை. நீங்கள் சொன்ன ஆள் இவர்தான் அண்ணா. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, இரண்டாம் தரம் அது முடிகிற வரைக்கும்.

முடிந்ததும் அவர் அம்மாவைப் பார்த்து, மாகிரட் அக்கா, இது நீங்க தவக்காலத்தில கோயில்ல படிக்கிற வியாகுலப் பாட்டு எல்லோ, அந்த இழுவை அப்பிடியே கம்பியில வருது என்றார். அம்மா தலையை ஆட்டினா. நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன், எனக்குப் பிடிபடவில்லை. சின்ன வயதில் பீடத்தடியில் இருந்து கேட்டது உங்கள் விரலுக்குள் போயிருக்கிறது. அதை நீங்கள் எங்களிடம் சொல்லவும் இல்லை.

இந்தத் தவக்காலம் அம்மா கோயிலில் வியாகுலம் படிக்கவில்லை.

வொயிஸ் அனுப்புங்கோ, வொயிஸ் அனுப்புங்கோ என்று நீங்கள் ஒவ்வொரு தரமும் கேட்க, அம்மா ரோசாப்பூவும் கும்பிட்ட கையும் அனுப்புகிறா. தடிமன், ஐஸ் குடித்தது, தொண்டை கட்டு என்று நான் அடித்ததெல்லாம் அம்மா அடிக்கச் சொன்னது. அது தடிமன் இல்லை, தொண்டைக்குள் கட்டி. தைக்கு முன்னமே கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி வெட்ட ஏலாது, பிந்திவிட்டது என்றார். சிங்களத்தில் சொன்னார். அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியது நான். நான் அம்மாவின் கைப்பையைத் திறந்து திறந்து மூடினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, விளங்கிற்று என்று என் முதுகைத் தடவினா. பஸ்ஸில் வரும்போது, அவனுக்குச் சொல்லாத, அங்க நடுக்கடலில நிண்டு என்ன செய்வான் என்றா. இப்போது காற்றாக மட்டும் வருகிற குரலும் பின்னேரமானால் நின்றுவிடும். கஞ்சிதான் இறங்குகிறது. அதுவும் எல்லா நாளும் இல்லை.

லெஸ்லி மாமாவிடம் வருகிறேன். அவருடைய பழைய நாதஸ்வரக் கசற்றுக்கு இப்போது ஒரு சன்னலும் திறக்கிறதில்லையாம். அவர் ஒழுங்கையால் போக, சனம் உள்ளே ரீவி பார்த்துக்கொண்டிருக்குமாம். செத்த ஆளுக்கு அது மரியாதை இல்லை என்கிறார். உங்கள் பாட்டுக்கு முழு ஓர்ஸ் ஹில்லும் கேற்றடிக்கு வந்தது. அதனால் அதைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையால் கூப்பிட்டு, அவர் குனிய, அவர் காதுக்குள் சொன்னா. எனக்கும் கேட்டது. “கொண்டு போ லெஸ்லி. எனக்கும் இதைத்தான் போடவேணும்.” என்ன கதை அக்கா இது என்று சிரிக்கத் தொடங்கிய லெஸ்லி மாமா அம்மாவின் கழுத்து வீக்கத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பென்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

இப்போது டவுன் முழுக்க உங்கள் பாட்டுத் தெரியும். பேர் தெரியாது. சாவுப் பாட்டு என்கிறார்கள். ரியூசனில் பெடியள் வாத்தியார் வரும்போது அதைத்தான் வாயால் இழுக்கிறார்கள். துறைமுகத்தடியில் ஒரு ஐயா செத்ததற்கு அது எங்கள் வாசலால் போனது. அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து, பெயர் சொல்லத் தொடங்கும் வரைக்கும் கேட்டா. பிறகு உங்கள் கிற்றாரைக் கொண்டுவரச் சொல்லி, சேலைத் தலைப்பால் தூசி துடைத்துத் திரும்ப உறைக்குள் வைத்தா. அதற்கு மூச்சு வாங்கியது.

நான் நினைத்திருந்தால் ஊரே உங்கள் அல்பத்தைத் தலையில் வைத்து ஆடுகிறது என்று புளுகியிருப்பேன். புளுகு எனக்குக் கைவந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் புளுகை நம்பி வந்து, வீட்டுப் படியேறி அம்மாவைக் கண்ட பிறகு நீங்கள் என்னோடு கதைக்க மாட்டீர்கள். ஆகவே நடந்தது நடந்தபடியே இருக்கிறது. அல்பம் எடுபடவில்லை அண்ணா. எடுபடவும் போவதில்லை. ஒருவரும் வாங்காத பாணும் பொழுதுபட றம்ஸான் நானாவோடு வீட்டுக்குத்தானே போகிறது? நீங்களும் வாருங்கள். கையெழுத்து வைக்காதீர்கள். கப்பல் எந்தக் கரையில் நின்றாலும் அங்கே இறங்குங்கள்.

லெஸ்லி மாமாவின் ஸ்பீக்கர் எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்ல முன்னம், அந்தத் தொடக்கத்தை நீங்கள் விறாந்தையில் இருந்து ஒருக்கால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேணும். போத்தல் கழுத்து அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. கம்பி ஒன்று அறுந்திருக்கிறது. அறுத்தது நான் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்க அம்மா எட்டிப் பார்த்தா. அண்ணாவின் அல்பத்தைப் பற்றிச் சனம் சொன்னதை எழுதுகிறேன் என்று கையால் மறைத்தேன். அப்ப என்ர அபிப்பிராயத்தையும் எழுது என்றா. நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னா. அதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

“நல்லா வாசிச்சிருக்கிறான். கடைசியில மட்டும் அவசரப்பட்டு நிப்பாட்டிப்போட்டான். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்திருக்கலாம் எண்டு சொல்லு.”

பிறகு இந்தத் தாளின் மேல் பெருவிரலால் சிலுவை போட்டா. அடையாளம் ஒன்றும் தெரியாது. நீங்கள் பிடித்திருக்கிற இடத்தில்தான் அது இருக்கிறது. அது உங்களைக் கரை சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் வாயாடித் தங்கை
நதீஷா