டிபன் பாக்ஸ் மூடி அளவு வட்டம்

21.8.2006, திங்கள்

சங்கம் தொடங்க நினைக்கும் தனியார் கல்லூரி விரிவுரையாளர்கள் சிலர், இன்று மனுவுடன் என்னைப் பார்க்க ராயபுரம் டீக்கடைக்கு வந்தார்கள். நிர்வாகம் வாங்கி வைத்திருக்கும் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்கும் மனு அது. முதல் கையெழுத்து யாருடையது என்று தெரிந்தால் அவர் வேலையும் போகும், சான்றிதழும் வராது. அந்தப் பயத்தில் ஒரு மாதமாக யாரும் பேனாவைத் தொடவில்லை.

போன வாரம் நான்தான் வழி சொன்னேன். நான் தொழிற்சங்கத்தில் இருந்த காலத்துப் பனியன் கம்பெனி வேலைநிறுத்தங்களில் கட்டிங் மாஸ்டர் ராசு, மனுவின் மேல் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து வட்டம் போடுவார். அதைச் சுற்றி எல்லோரும் கையெழுத்திடுவார்கள். முதல் ஆள் யாரென்று முதலாளிக்குத் தெரியாது. என் கைக்கு வரும்போது மனுவில் புளிக்குழம்பு வாசம் அடிக்கும். இதை எழுதும்போதும் அந்த வாசம் வருகிறது.

இவர்களும் அழகாக வட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டுப் பழக்கத்தில், ஒவ்வொருவரும் கையெழுத்துக்குக் கீழே நேரத்தையும் எழுதியிருந்தார்கள்.

“ஏனுங்க, யாரு இந்தப் பன்னெண்டு அஞ்சு?” என்றேன்.

கணக்கு விரிவுரையாளர் செல்வி தலையில் அடித்துக்கொண்டார். “நானுங்க சார்.”

“காலேஜுக்கு தினமும் லேட்டு. இதுக்கு மட்டும் ஃபர்ஸ்டுங்களா மேடம்?” என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேறு தாளில் எழுதச் சொன்னேன். செல்வி மனுவை மடித்துப் பையில் வைத்தார்.

“மறுபடி கேட்டா பாதிப் பேரு போட மாட்டாங்க சார். இப்படியே குடுத்தர்றேனுங்க.”

ராசுவின் வட்டத்திலும் யாரோ ஒருவர் முதலில் கையெழுத்துப் போட்டிருப்பார். அது யாரென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.