விருந்தாளிக்கு ஒன்றும் தெரியாது

எந்நேரமும் என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்த என் அருமை அத்தானுக்கு,

ஜப்பான்காரன் போய்விட்டான். நீங்கள் கேட்க ஆசைப்பட்ட செய்தி அதுதானே, முதலில் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்துக்கு மறுபடியும் கப்பல் விடப்போவதாக ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளில் பேச்சு. "நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்று அக்கா காலையில் கேட்டாள். நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தேன். அப்பா மலாக்காவில் வேலை பார்த்த காலத்தில் அக்காவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, என்னை மட்டும் ஊருக்குக் கூட்டிப்போனார். பதினோரு வருடம் கழித்து அவளைப் பார்க்கத் தனியாகக் கப்பலேறினேன். காஜா பெராங் வீட்டு வாசலில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "மூணு மாசமா? பெட்டி மூணு வருசம் சொல்லுதே லா" என்றீர்கள். உங்கள் வாய் முகூர்த்தம் பலித்தது; மூன்று நாலாகவே ஆகிவிட்டது.

பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி, மலாயே பேசும் செட்டிக் குடும்பம் உங்களுடையது. என் தமிழ் உங்களுக்குப் பாதிதான் விளங்கும். என்னை 'அடேக்' என்று கூப்பிடுவீர்கள். அதற்குத் தங்கச்சி என்று அர்த்தம் தெரிந்ததும், அத்தான் முறைக்காரர் அப்படிக் கூப்பிடலாமா என்று சண்டைக்கு வந்தேன். மறுநாளிலிருந்து இன்னும் உரக்கக் கூப்பிட்டீர்கள்.

தெங்கேரா பக்கம் என் சின்ன வயதுச் சீனக் கூட்டாளி ஆ லியானைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். நானும் அவளும் கட்டிக்கொண்டு அழுதோம். கொஞ்ச நாளில் குண்டு விழுந்தது, கப்பல் நின்றது, ஜப்பான்காரன் வந்தான். பாலத்துக் காவலில் குனியாமல் கைகூப்பினேன் என்று ஒருவன் அறைந்தான்; இடது காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை. சீன ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலோரத்தில் சுட்டார்கள். ஆ லியானின் கணவன் மட்டும் லாரியிலிருந்து குதித்துத் தப்பிவிட்டதாகப் புரளி. அவனைத் தேடி, அந்தக் குடும்பத்தோடு பழகியவர்கள் வீடுகளிலெல்லாம் புகுந்தார்கள்.

மறுவருடம் நம் வீட்டுக்கு வந்த அன்று போகி. உங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு இலை போட்டுப் படைப்பீர்கள். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று எல்லோரும் பின்கட்டுக்குப் போய்விடுவோம். அரிசியைக் கண்ணால் பார்த்தே பல நாளாகியிருந்தது. ஆனாலும் அக்கா ஐந்து இலையிலும் மரவள்ளிக்கிழங்கும் இறால் விழுதில் இடித்த பெலாச்சான் சம்பலும் வைத்தாள். திறந்த கதவு வழியாகச் சிப்பாய்களும் ஓர் அதிகாரியும் நுழைந்தார்கள். கூடவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

அக்காவைப் பின்கட்டிலேயே ஒருவன் துப்பாக்கியோடு நிறுத்திவிட்டான். உங்களையும் என்னையும் கூடத்துக்கு இழுத்தார்கள். வீட்டில் மூன்று பேர், இலை ஐந்து, யாரை ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள்.

செத்தவர்களுக்கு என்றீர்கள். மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "சோத்துக்கே சிங்கியடிக்கிற காலத்துல செத்தவனுக்கு எவன்யா சமைப்பான்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஊர்லேருந்து வந்தவதானே? உண்மையச் சொல்லு. நம்ம ஊர்ல இப்படி ஆளுக்கொரு இலை போட்டு, பெலாச்சான் வெச்சுப் படைக்கிறது உண்டா?"

"எங்க ஊர்ல இப்படி இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? பயமா? உண்மை பேசினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேனா? வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத கழுதை நான்.

அவர் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் துப்பாக்கிக் கட்டை உங்கள் வாயில் இறங்கியது. பல் தெறித்து இலையில் விழுந்தது. தூணில் கட்டிவைத்து, ஒவ்வொரு இலையாகக் காட்டி, யாருக்கு, யாருக்கு என்று அடித்தார்கள். முதல் அடிக்கு உங்கள் அப்பா பெயரைச் சொன்னீர்கள். அடுத்ததற்கு அம்மா. பிறகு பெரியப்பா, அத்தை. ஐந்தாவது இலை, பிறந்த அன்றே இறந்த உங்கள் மகனுக்கு. அவனுக்குப் பெயர் இல்லாததால் "என் புள்ள" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்கு அப்புறமும் அடி நிற்கவில்லை.

அதிகாரி என்னைக் காட்டி ஏதோ சொன்னான். ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான். அப்போது ரத்தம் ஒழுகும் வாயால், எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் சொன்னீர்கள்: "அவ விருந்தாளி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

என்னை விட்டுவிட்டு உங்களிடமே திரும்பினார்கள். வீட்டைக் குடைந்தும் யாரும் கிடைக்காத கோபத்தில், துப்பாக்கி முனையில் செருகியிருந்த கத்தியால் வயிற்றில் குத்திவிட்டுப் போனார்கள். அக்கா மடியில் உயிர் போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது கோபமா அத்தான்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆ லியான் உயிரோடு இருக்கிறாள். போன வாரம் வந்தாள். அவள் கணவன் லாரியிலிருந்து குதிக்கவே இல்லையாம், முதல் நாளே சுட்டுவிட்டார்களாம். உலகத்திலேயே இல்லாத ஒருவனைக் கேட்டு உங்களைக் கொன்றிருக்கிறார்கள்.

"கடைசி வரைக்கும் என் தங்கச்சிதான் அவங்க பக்கத்துல நின்னா" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருக்கிறது. நான் சொன்னது பின்கட்டில் நின்றவளுக்குக் கேட்கவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நாளைக் காலை பக்கத்தில் உட்கார்ந்து இதை நானே வாசிக்கப்போகிறேன். நான் வாயைத் திறந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்த மாட்டேன், தாண்டிப் போகவும் மாட்டேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன். போ என்றால் கப்பலேறுவேன். இரு என்றால், அவள் கண்மூடும்வரை இந்த வீட்டில் இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கொழுந்தியாள்,
சிவகாமி