காது குத்தும் தேதியும் வெள்ளைக்காரன் போன கதையும்

செல்லூர், மதுரை
8-6-1980

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே வெயில் ஒன்றைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மீனாட்சியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். லிவிங்ஸ்டனிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜிம்பாப்வேக்காரர்கள் சுதந்திரம் வாங்கிப் புதுக்கொடி ஏற்றியதற்கு உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கம் ஆடினார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை அப்பா ரெண்டு தடவை சத்தம் போட்டு வாசித்தார். உன் வகுப்பில் ஒரு பெண் கேட்டாளாமே, தாத்தா காலம் வரைக்கும் பொறுத்துக்கொண்ட ஜனங்கள் அப்பா காலத்தில் மட்டும் ஏன் எழுந்தார்கள், அதுவும் ரயிலும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்த வெள்ளைக்காரனை ஏன் வேண்டாம் என்றார்கள் என்று. பதில் அப்பாவைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாய். ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் எழுதிய எட்டுப் பக்கம் தனியாக வருகிறது. அதை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது நம் வீட்டில் நடந்ததை அவர் எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

உன் தம்பி மருதுவின் மகள் கயலுக்கு வைகாசியில் காது குத்துவது என்று அப்பா முடிவு பண்ணினார். கோடை லீவு முடிவதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துபோக வசதி என்று கணக்கு. இவருக்கு எல்லாமே பீரியடு பிரித்து மணி அடிக்கிற மாதிரிதான் நடக்க வேண்டும். உன் தம்பி பெண்டாட்டி செல்லக்கிளியின் அண்ணன் விருமாண்டி பட்டாளத்தில் அஸ்ஸாம் பக்கம் இருக்கிறான், ஆவணியில்தான் லீவு. அது இவருக்குத் தெரியும். தெரிந்தும், மடிக்கு என்ன பஞ்சம், நம் அத்தை மகன் பேயாண்டி உட்காரட்டும் என்று அவராகவே பேசி முடித்து, யாரிடமும் சொல்லாமல் பத்திரிகையும் அடித்துவிட்டார். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் பிள்ளையை உட்கார்த்திக் காது குத்துவது நம் பக்கம் எங்காவது உண்டா? எனக்கே பத்திரிகை கைக்கு வந்தபிறகுதான் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உனக்கு எழுதியதை எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். உப்புக்கு வரி போட்டது, நம் பஞ்சை வாங்கிப்போய் நமக்கே துணியாக விற்றது, ரயில் போட்டது அவர்கள் சரக்கு ஏற்றத்தான் என்று எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார். முப்பத்தொன்பதில் உலகச் சண்டை வந்தபோது இந்த நாட்டில் ஒருத்தரைக்கூடக் கேட்காமல் நீங்களும் சண்டையில் சேர்ந்தாயிற்று என்று டெல்லியில் இருந்த வைஸ்ராய் லாட்சாயிபு அறிவித்தானே, அந்த இடத்துக்கு வந்ததும் குரல் உயர்ந்துவிட்டது. நம்மைப் பற்றிய முடிவை நம்மைக் கேட்காமல் எடுக்க இவன் யார் என்று கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டினார். செல்லக்கிளி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அது சரி மாமா, இதுல எங்கண்ணன் பேரு எங்க, எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாது என்றாள். வந்த அஞ்சு வருஷத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது, அடி சக்கை என்றும் இருந்தது.

அதற்குப்பிறகு சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவள் பாட்டுக்குச் சமைத்தாள், அவருக்குத் தட்டு வைத்தாள், வெந்நீர் வைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது. மருது நாலாம் நாள் வேலை விட்டு வந்ததும், நாகமலை புதுக்கோட்டையில் யுனிவர்சிட்டி பக்கத்தில் ஒரு வீடு பார்த்துட்டேன்ப்பா, போறோம் என்றான். அப்பா ஆடிப்போய்விட்டார். நான் என்ன குறை வச்சேன், படிக்க வச்சேன், வேலைக்கு அலைஞ்சேன், மாடியில ரூமு எடுத்துக் குடுத்தேன், ஃபேன் போட்டுக் குடுத்தேன் என்று என்னிடம் வந்து அடுக்கினார். வெள்ளைக்காரனும் வைகைக்குப் பாலம் கட்டிக் குடுத்துட்டு இதத்தான சொல்லிருப்பான் என்றேன். முறைத்தார். மருதுன்னு பேரு வச்சது யாரு, பேரு வச்சிட்டு எந்திரிக்கக் கூடாதுன்னா எப்படி என்று அதையும் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பேப்பரைக்கூட அவர் விரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்தார். முப்பத்தி மூணு வருஷத்தில் அவர் அங்கே கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஆத்தா, எந்த மாசம் வச்சுக்கலாம், நீயே சொல்லு என்று செல்லக்கிளியைக் கேட்டார். ஆவணி மாமா என்றாள், சொல்லும்போதே அழுதுவிட்டாள். இனிமேல் வீடு மாறுகிற பேச்சு இருக்காது என்று அவர் நினைத்தார், நானும் நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோவத்துல போகல மாமா, நாங்க போய் இருந்து பாக்குறோம், நீங்க எப்ப வேணா வரலாம் என்றாள். ஒரு மாசம் முந்திக் கேட்டிருந்தால் போயிருக்க மாட்டார்களோ என்னவோ. அஞ்சு வருஷம் பொறுத்தவள் ஏன் இப்போது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தன்னைக் கேட்காததையெல்லாம் பொறுத்தாள், தன் அண்ணனை இல்லாதவனாக ஆக்கியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. உன் வகுப்புப் பெண்ணிடம் இதையும் சொல்லிப் பார், எட்டுப் பக்கத்தில் இது இல்லை.

போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். அப்பாவே குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு காளவாசல் வழியாக வண்டியில் வந்தார். சின்ன வீடுதான், மலைக்காற்று நன்றாக வருகிறது. இங்கே கயல் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது, ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மனசு நிறைந்துதான் இருக்கிறது, பகையோடு யாரும் பிரியவில்லை. அன்றைக்கு எல்லோரும் போனபிறகு செல்லக்கிளி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, அத்தை, உங்களுக்குக் காப்பியா டீயா என்று கேட்டாள். யோசித்துப் பாரடி மங்கை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் வீட்டில் காப்பிதான், அவருக்குக் கலப்பதில் எனக்கும் ஒரு டம்ளர். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவரும் கேட்டதில்லை, நான் பெற்ற பிள்ளைகள் நீங்களும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. டீ என்றேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், என்னையே பார்த்தார்.

ஆவணியில் விருமாண்டி வருகிறான். உனக்கு வர முடியாது என்று தெரியும், மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். பிள்ளைகளைக் காய்ச்சின தண்ணீர்தான் குடிக்கச் சொல்லு. மூத்தவளை டாக்டருக்குப் படிக்க வைக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தாயே, அவளைக் கேட்டாயா? மதுரைவீரனும் மீனாட்சியும் உங்கள் எல்லோருக்கும் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு நல்லா இருங்கள்.

இப்படிக்கு
தினமும் சாயங்காலம் டீ குடிக்கும் உன் அம்மா,
அ. பேச்சியம்மாள்