அழகியமணவாளனுக்கு ஒரு வாழைத்தார்

ஸ்ரீரங்கம்
22-7-1946

சிரஞ்சீவி வைஜயந்திக்குப் பாட்டி ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கு எல்லோரும் சௌக்கியம். காவேரியில் புதுவெள்ளம் வந்துவிட்டது.

உன் தம்பி வரது இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. பெரியவன் சக்ரபாணிக்குப் பொன்மலை ரயில்வேயில் வேலை ஆகிவிட்டது. சின்னவள் அரவிந்தவல்லி பாட்டுப் போட்டியில் வெள்ளிக் கிண்ணம் வாங்கினாள். உன்னைப் பற்றித்தான் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், ஆனால் நாடி பார்க்கமாட்டாள் என்றால், எதிர்வீட்டு மாமி, பின்னே என்னத்தைப் பார்ப்பாளாம் என்கிறாள்.

போன கடிதத்தில் இரண்டு டிபார்ட்மென்ட் என்று எழுதியிருந்தாய். எலிக்குச் சோறு போட்டு, எந்தச் சத்து குறைந்தால் என்ன வியாதி என்று பார்ப்பது ஒன்று. அதற்குப் புரொபசர் அழகியமணவாளன். சீக்குக் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது இன்னொன்று. அதற்கு லூர்துராணி அம்மாள். இருவரிடமும் ஒவ்வொரு மாதம் இருந்து பார்த்துவிட்டு நீயே முடிவு செய்வதாம். ஆசார்யனைச் சிஷ்யை பரீட்சை பார்ப்பதா? எனக்குப் பிடிபடவே இல்லை.

நீ தயங்குகிறாய் என்று நினைத்து ஒரு காரியம் செய்துவிட்டேன். நம் பெருமாள் திருநாமத்தையே வைத்திருக்கிறார், அதற்குமேல் என்ன பார்க்க வேண்டும் என்று, தொட்டியத்து வாழைத்தாரும் ஜோடி வேஷ்டியும் சக்ரபாணியிடம் கொடுத்து, பட்டணத்தில் புரொபசர் வீட்டில் சேர்க்கச் சொன்னேன். பேத்தியை ஒப்படைக்கிறேன் என்று சீட்டும் வைத்தேன். பேத்தியின் முடிவு அறிந்து சந்தோஷம், ஆவணியில் சேரலாம் என்று அவர் எனக்குக் கார்டு போட்டுவிட்டார். தெரு முழுக்கக் காட்டினேன்.

மறுநாள் உன் அடுத்த கடிதம். தட்டில் பூசணம் பூத்து இருபது நாள் வேலை பாழானபோது, லூர்துராணி அம்மாள் கோபிக்காமல் உன்னோடு நின்று தட்டுகளைக் கழுவி, "எங்கே தப்பு வந்ததுன்னு சேர்ந்து பார்ப்போம்" என்றாளாம். புரொபசர் மாதம் முழுவதும் உன்னை வசந்தா என்றே கூப்பிட்டாராம். படித்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெரியவருக்குக் கொடுத்த வாக்கை மாற்றினால் அபசாரம். மாதா கோயிலுக்குப் போகிற அம்மாளுக்குத் தட்டில் என்ன வைத்துக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

ஐந்தாவதோடு என்னை நிறுத்தியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை.

சீட்டு எழுதியது பாட்டி, பேத்திக்குத் தெரியாது என்று புரொபசருக்கு ஒரு கார்டு எழுதி வைத்திருக்கிறேன். நீ சொன்னால் தபாலில் சேர்த்துவிடுவேன்.

கூடத்தில் இருப்பது நீ பி.எஸ்ஸி. பாஸான போது எடுத்த படம். பெருமாள் கிருபையில் ஆவணியில் சேர்ந்ததும் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் யார் நிற்பது என்பதை நீயே பார்த்துக்கொள்.

உன் பாட்டி
கமலவல்லி